புதுப்பிப்பு: அந்த 'சரிபார்' மெத்தடைப் பிரித்தாயிற்று

போன வாரம் கேட்டிருந்தேன்: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நாங்கள் எழுதும் காற்று எச்சரிக்கை செயலியின் டெஸ்ட்களில் (செயலி சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் நிரல்கள்) 'சரிபார்' என்று ஒரு மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு), இரண்டு எண்ணும் ஒரு ட்ரூ/ஃபால்ஸும் வாங்கும், அந்த ட்ரூ எதற்கு என்றே யாருக்கும் தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று.

உள்ளே போய்ப் பார்த்தால், ட்ரூ கொடுத்தால் ஐந்து விநாடி காத்திருந்து ஒப்பிடுகிறது, அதோடு எண் பொருந்தாவிட்டால் டெஸ்ட்டை ஃபெயில் ஆக்காமல் லாகில் (பதிவுக் கோப்பில்) ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இன்னொரு சிக்கல் வரிசை. ஜேயூனிட், டெஸ்ட்என்ஜி இரண்டும் ஜாவாவில் டெஸ்ட் எழுத உதவும் கருவிகள். ஜேயூனிட்டில் இரண்டு மதிப்பும் சமமா என்று பார்க்கும் அசெர்ட்ஈக்குவல்ஸில் எதிர்பார்க்கும் மதிப்பு முதலில் வரும், டெஸ்ட்என்ஜியில் அதே பெயர், ஆனால் கிடைத்த மதிப்புதான் முதலில். எங்களில் இரண்டு பழக்கமும் உண்டு, அதனால் "எதிர்பார்த்தது 45, வந்தது 60" என்ற பிழைச்செய்தியை நம்பவே முடியவில்லை.

இங்கே ஒரு தம்பி சொன்னபடி பழைய மெத்தடை உடனே அழிக்காமல், 'சமமா', 'காத்திருந்து சமமா' என்று இரண்டு புதியதை எழுதி, ஒவ்வொரு ஃபைலாக மாற்றினேன். நல்ல யோசனை தம்பி, நன்றி. லாகில் மட்டும் எழுதும் வேலையை அடியோடு எடுத்துவிட்டேன்.

எடுத்ததும் பச்சையாக (பாஸ்) இருந்த மூன்று டெஸ்ட்கள் சிவப்பாகின (ஃபெயில்). அதில் ஒன்று நிஜமான பிழை: காற்று சரியாக மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தால் எச்சரிக்கை போகவில்லை, 'அதிகம் அல்லது சமம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அதிகம்' மட்டும். பாம்பனில் விடியலுக்கு முன் போனைப் பார்த்துவிட்டுப் படகு எடுப்பவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. நேற்றிரவே திருத்தி அனுப்பிவிட்டோம். மற்ற இரண்டையும் இன்று பார்க்கிறேன்.