உழவைக் குறைத்தால் யூரியா போடும் முறையும் மாறணும்: உங்கள் வயலில் பார்த்ததைச் சொல்லுங்கள்

நான் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மக்காச்சோள வயலில் ஒரு பாதியை ரோட்டவேட்டர் ஓட்டி நன்றாகப் புரட்டியிருந்தோம், மறுபாதியில் முந்தைய பயிரின் தட்டையை அப்படியே விட்டு உழாமல் விதைத்தோம், உரம் இரண்டுக்கும் ஒரே அளவுதான். உழுத பக்கம் கரும்பச்சையாகக் கிளம்பியது. உழாத பக்கத்தில் அடி இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளடித்தன.

உழாததுதான் தப்பு என்று பலர் இந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேல்மண்ணில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) 90 சதவீதத்துக்கு மேல் மட்கோடு, அதாவது மக்கிய தாவரப் பொருளோடு, பிணைந்தே கிடக்கிறது. உழும்போது மண்கட்டி உடைந்து காற்று புகுவதால் நுண்ணுயிர்கள் அதை மளமளவென்று சிதைத்து வெளியே விடுகின்றன. ஆக அந்தக் கரும்பச்சையில் ஒரு பங்கு மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்தது, தொழு உரமோ தழையோ திருப்பிப் போடாமல் வருஷா வருஷம் எடுத்தால் மட்கு குறைந்துகொண்டே போகும். உழாத பக்கத்தில் நடப்பது வேறு. காய்ந்த தட்டையில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்வதால் இளம் பயிர் பட்டினி கிடக்கிறது. பிடித்துவைத்தது பிறகு மெல்ல விடுபடும், ஆனால் இளம் பயிர் அதுவரை தாங்காது.

அப்புறம் யூரியா. அதில் தழைச்சத்து 46 சதவீதம். தட்டைமேல் வீசினால், தட்டையில் நிறைய இருக்கும் யூரியேஸ் நொதி யூரியாவைச் சீக்கிரமே உடைத்துவிடும். ஈரமும் வெயிலும் இருந்து மழை மட்டும் வராவிட்டால் கணிசமான பங்கு அமோனியாவாகக் காற்றில் போய்விடும். அடுத்த பருவத்தில் அதே அளவைத் தட்டைக்கு அடியில், மண்ணுக்குள் வரிசையாக வைத்து, ஒரு பங்கை விதைப்போடும் மீதியைப் பயிர் வளர்ந்தபின் மேலுரமாகவும் கொடுத்தோம். மஞ்சள் பெருமளவு குறைந்தது.

பதில்: எங்களுடையது மணற்பாங்கான நிலம், இங்கே இழப்பு கீழ்ப்பக்கம். பயறுவகைத் தழையை மடக்கி உழுதுவிட்டு விதைப்பைத் தள்ளிப்போட்டோம், இடையில் பெருமழை. தழை மட்கி அதிலிருந்த தழைச்சத்து தண்ணீரில் கரையும் நைட்ரேட் ஆகிவிட்டது, உறிஞ்ச வேர் இல்லை, நைட்ரேட்டை மண் துகள் பிடித்து வைக்காது என்பதால் தண்ணீரோடு இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் விதைப்பு நாளை முடிவு செய்த பிறகுதான் மடக்கி உழுகிறோம்.

பதில்: களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அதே நைட்ரேட் வாயுவாகப் போகும், அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. வடிகால் சரியில்லாத இடத்தில் பெருமழைக்கு முன்னால் மேலுரம் போடவே போடாதீர்கள்.