மைக்கில் யார் லோகோ? தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

பென்னாகரம், முன்னாள் பகுதிநேர நிருபர்:

நம் பக்கத்துச் செய்திகள் யார் பக்கம் சாய்கின்றன என்ற கேள்விக்கு, எல்லாரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். நான் கேமரா பக்கம் நின்றவன், அங்கிருந்து சொல்கிறேன்.

2010 மார்ச்சில் எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல். மோதிய மூன்று பெரிய கட்சிகளுக்கும் ஆளுக்கொரு சேனல் இருந்தது. தி.மு.க. பக்கம் கலைஞர், அ.தி.மு.க. பக்கம் ஜெயா, பா.ம.க. பக்கம் மக்கள் டி.வி. எந்தச் சேனல் என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை, களத்தில் வேலை நடந்த விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். நம்ம கூட்டத்தில் ஆள் குறைவா, கேமராவைத் தாழ்த்தி முன்வரிசைத் தலைகளை நெருக்கிப் பிடி. எதிர்க்கட்சிக் கூட்டமா, ஆள் சேருமுன்பே மொட்டை மாடியில் ஏறிக் காலி நாற்காலியை எடு. முடிவு வந்தபோது தி.மு.க. ஜெயித்தது, பா.ம.க. இரண்டாவது, அ.தி.மு.க.வுக்கு டெபாசிட் போனது. எங்கள் தெருவில் ஒரே சேனலை மட்டும் பார்த்துவந்த பெரியவர் ஒருவர், எண்ணிக்கையில் ஏதோ தில்லுமுல்லு என்று இன்றும் சத்தியம் செய்கிறார். அவர் பொய்யர் இல்லை. அவருக்குக் காட்டப்பட்ட ஊர் அது.

கட்சி டி.வி. என்றாலாவது பெயரிலேயே தெரிந்துவிடும். எனக்கு அதிகம் வலித்தது விளம்பரக் கணக்கு. பகுதிநேர நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வெளியான செய்திக்கு இவ்வளவு என்று தருவார்கள். அது பெட்ரோலுக்கே காணாது. பொங்கல் மலர், தலைவர் பிறந்தநாள் என்று வந்தால் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதில் கிடைக்கும் கமிஷன்தான் வருமானம். விளம்பரம் யார் தருவார்கள்? ஒன்றியச் செயலாளர், கிரஷர் முதலாளி, தனியார் பள்ளித் தாளாளர். அப்புறம் ஒருநாள் அதே கிரஷரில் வைத்த வெடியில் வீட்டுச் சுவர் விரிசல் விட்டதென்று ஒரு அம்மா வந்து நிற்பார். நான் படம் எடுத்து அனுப்பினேன். வரவில்லை. போன் செய்து கேட்டதற்கு, "அவர் நம்ம பார்ட்டிப்பா, விடு" என்றார்கள். மிரட்டல் இல்லை, திட்டு இல்லை. அவ்வளவு சாதாரணமாக ஒரு குடும்பத்தின் குறை இல்லாமல் ஆக்கப்பட்டது.

ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2008ல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013ல் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். 1,928 கோடி ரூபாய்த் திட்டம், அதில் பெரும்பகுதி ஜப்பான் கடன். ஒரு பக்கத்து டி.வி.யில் அது கலைஞர் தந்த தண்ணீர், இன்னொரு பக்கத்தில் அம்மா தந்த தண்ணீர். கடனை அடைப்பது நம் வரிப்பணம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தச் சமயத்தில் ஒரு சேனலுக்காகத் தெருக்குழாய் ஒன்றைப் படம் எடுக்கப் போனேன். குடத்தோடு ஒரு பெண்ணை நிற்கவைத்து, "நல்லா சிரிங்கம்மா" என்றேன். வாயை மூடியபடியே சிரித்தார். இன்னொரு தடவை கேட்டதும் சிரித்துவிட்டு, சட்டென்று முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். பல்லெல்லாம் பழுப்புக் கறை, சில இடத்தில் குழி விழுந்து. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் இருக்கும் புளோரைடு செய்த வேலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் தாங்கலாம் என்பது அரசு வைத்த எல்லை, பல ஊர்களில் அதைத் தாண்டித்தான் குடித்துக்கொண்டிருந்தோம். இந்தத் திட்டம் எதற்காக வந்தது என்பதற்கு அந்தப் பல்லைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த ஷாட்டை வெட்டிவிட்டு, குழாயையும் தலைவர் படம் போட்ட பேனரையும் மட்டும் ஓட்டினார்கள்.

ஓசூர், தொழிற்சாலை மேற்பார்வையாளர்:

அண்ணா, நீங்கள் சொன்னது உண்மையை வெட்டியது. எங்களுக்கு நடந்தது பொய்யை ஒட்டியது.

2023 மார்ச், ஹோலிக்கு முந்தைய வாரம். சிப்காட்டில் எங்கள் யூனிட்டில் பாதிப்பேர் பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். ஒருநாள் காலை ஷிப்டில் யாரும் மெஷின் பக்கம் போகவில்லை, ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். தமிழ்நாட்டில் இந்திக்காரர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோ. ஒரு பையனின் அம்மா ஊரிலிருந்து அழுதுகொண்டே, இன்றைக்கே ரயில் ஏறு என்கிறார். என்னோடு தினமும் சாப்பிடுகிறவன் என்னைப் பார்த்து, "தீதி (அக்கா), இது நிஜமா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அந்த வீடியோக்கள் பொய்யாகப் பரப்பப்பட்டவை என்று சொன்னார். ஒன்றில் வெளிமாநிலத்தவர் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றதில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் வந்து பார்த்துவிட்டுப் போனது. இதைப் பரப்பியவர்களில் யூடியூபர் மட்டும் இல்லை, உத்தரப் பிரதேச பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவும் இருந்தார். அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஒரு பெரிய இந்தி நாளிதழின் ஆசிரியர் மீதும் வழக்குப் பதிவானது. ஆனால் ஊருக்குப் போன எங்கள் பையன்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. மறுப்புச் செய்தி அந்த அம்மா போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்குத் தெரியும்?

பாலக்கோடு, கேபிள் ஆபரேட்டர்:

செய்தியை வெட்டக்கூட வேண்டாம், சேனல் எண்ணை ரிமோட்டில் பின்னால் தள்ளினாலே போதும். 2011ல் அரசு கேபிள் மறுபடி வந்தது. அப்போது மாதம் 70 ரூபாய், அதில் 20 ரூபாயை நாங்கள் அரசு நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது. ஒரே குடும்பத்தின் கையில் கேபிள் இருந்தது மாறியது, அது நல்லதுதான். ஆனால் ஸ்விட்ச் ஆளுங்கட்சி கைக்குப் போனது. 2018ல் புதிய தலைமுறை மீது கோவையில் வழக்குப் போட்டார்கள், அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்வரிசைக்குப் போனது. வசூலுக்குப் போன வீடுகளில் என்னைத்தான் கேட்டார்கள். அந்தச் சேனல் எஸ்.ஆர்.எம். குழுமத்துடையது, அந்தக் குழுமத்தின் நிறுவனர் தனியாகக் கட்சி தொடங்கியவர் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். வடக்கே நெட்வொர்க்18 2014ல் ரிலையன்ஸிடமும் என்.டி.டி.வி. 2022 கடைசியில் அதானியிடமும் போய்விட்டன. முதலாளி யார் என்று தெரிந்துகொண்டு பாருங்கள், நான் கேட்பது அது ஒன்றுதான்.

பென்னாகரம், முன்னாள் பகுதிநேர நிருபர்:

பாலக்கோடு அண்ணன் சொன்னது சரி. தேர்தல் நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காசு வாங்கிப் போட்ட செய்தி என்று சந்தேகம் வந்தால், கலெக்டர் அலுவலகத்தில் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இயங்கும், அங்கே மனுக் கொடுங்கள். நிரூபணமானால் வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏறும். உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவை 2011ல் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்தது இப்படிப்பட்ட கணக்கை மறைத்ததற்காகத்தான். வெறும் புகார் எடுபடாது. காசுச் செய்தி என்றால் ஒரே புகழ்ச்சி, வரி மாறாமல், இரண்டு பத்திரிகையில் இரண்டு பெயரில் வந்திருக்கும். அந்த இரண்டு பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரி கத்தரித்து மனுவோடு இணைத்துவிடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.