இன்டர்சேஞ்ச்: ‘விலக்கு’ என்றால் என்ன குறை?

அனைவருக்கும் வணக்கம்.

கடலோரத்தில் பெருகிவரும் புறநகர் ஒன்றுக்காக மோட்டார்வேயில் புதிதாக இன்டர்சேஞ்ச் கட்டுவது பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மோட்டார்வேக்கு ‘விரைவுச்சாலை’ போதும். இன்டர்சேஞ்சில்தான் (சாலைகள் மேலும் கீழுமாகக் கடந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் தடம் உள்ள சந்திப்பு) முட்டுகிறது. ‘பரிமாற்றச் சந்திப்பு’ என்று எழுதினால் சரக்கு ஏற்றி இறக்கும் இடம் போலத் தொனிக்கிறது. ‘பல்மட்டச் சந்திப்பு’ என்றால் பாலத்துக்கு அடியில் சாலை போகிற எந்த இடத்துக்கும் பொருந்திவிடுகிறது. கூடவே ரேம்ப், லூப், கோர், ஆக்சிலரேஷன் லேன், வீவிங் எல்லாம் வருகின்றன. ஒரு சாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிப் போகும் தடமான ரேம்புக்கு ‘இறங்குதடம், ஏறுதடம்’ என்று வைத்திருக்கிறேன்.

---

> பரிமாற்றச் சந்திப்பு

வேண்டாம் தம்பி. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இதற்குச் சொல் பேருந்துச் சீட்டிலேயே இருக்கிறது. நாலுவழிச் சாலையை விட்டு ஊருக்குள் கிளைச்சாலை பிரிகிற இடம் விலக்கு. காவல்கிணறு விலக்கு என்று நடத்துநர் குரல் கொடுத்தால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை.

‘பல்மட்டம்’ ஏன் பொருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சாலைகள் மேலும் கீழுமாகக் கடந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழியே இல்லாவிட்டாலும் அது பல்மட்டம்தான். அதற்கு மேம்பாலம் என்று சொன்னாலே போதும். கடப்பதோடு மாறிப் போகவும் தடம் இருந்தால்தான் இன்டர்சேஞ்ச். ஆக, பெயர் பாலத்தைப் பிடிக்கக் கூடாது, தடத்தைப் பிடிக்க வேண்டும். ‘விலக்கு’ அதைத்தான் பிடிக்கிறது.

> இறங்குதடம், ஏறுதடம்

இது பெரிய தவறில் கொண்டுபோய் விடும். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலாக இருக்கும். விரைவுச்சாலையைப் பள்ளத்தில் இறக்கினால் காலமெல்லாம் மோட்டார் வைத்து நீர் இறைக்க வேண்டிவரும். அதனால் விரைவுச்சாலையைத் தரை மட்டத்திலேயே விட்டு, ஊர்ச்சாலையைப் பாலத்தில் ஏற்றுவார்கள். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. விலகுகிற வண்டி மேட்டில் ஏறுவதால் வேகம் தானாகத் தணியும். சேருகிற வண்டி சரிவில் இறங்குவதால் வேகம் எளிதாகக் கூடும். இப்படி ‘இறங்க’ வேண்டியவர் ஏறுகிறார், ‘ஏற’ வேண்டியவர் இறங்குகிறார். வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார். விலகுதடம், சேர்தடம் என்று வையுங்கள்.

அளவு சொன்னால் படம் தெளியும். நம் நெடுஞ்சாலைகளில் பாலத்துக்கு அடியில் 5.5 மீட்டர் வெற்றுயரம் விட வேண்டும். உத்தரமும் மேல்தளமும் சேர்ந்து 2 மீட்டர் என்று வைத்தால் 7.5 மீட்டர் ஏற வேண்டும். 100க்கு 4 சரிவில் அதற்கு 190 மீட்டர் நீளம் ஆகும், மேலும் கீழும் வளைத்துவிடும் நீளம் தனி. மேல் அகலம் 9 மீட்டர், பக்கச் சரிவு உயரம் 1க்கு அகலம் 2 என்றால் ஒரு தடத்துக்கு மட்டும் ஏறத்தாழ 13,500 கன மீட்டர் மண் வேண்டும். பக்கத்தில் பட்டை கோத்த மண்சுவர் (மண்ணுக்குள் பட்டைகளைப் புதைத்து, முகப்பில் பலகை பிடித்த சுவர்) நிறுத்தினால் அது பாதிக்கும் கீழே வந்துவிடும், நிலமும் மிஞ்சும்.

---

அண்ணாச்சி சொல்வது காதுக்கு இனிக்கிறது. ஆனால் ‘விலக்கு’ என்றதும் வரிவிலக்கு, மதுவிலக்குதான் சென்னைக்காரருக்கு நினைவு வரும். வீட்டு விலக்கையும் மறக்க வேண்டாம். சொல்லைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. நம் விலக்கில் பேருந்து நிற்கும், டீக்கடை இருக்கும், நடுத்திட்டில் இடைவெளி இருக்கும், அதன் வழியே பைக் குறுக்கே போகும். விரைவுச்சாலையில் இதில் ஒன்றுகூடக் கூடாது. அங்கே பேருந்து நிற்க வேண்டுமானால் தடம் முடிகிற ரவுண்டானாவுக்கு அப்பால், ஊர்ச்சாலையில்தான். அதே பெயரை வைத்தால் சனங்கள் அதே பழக்கத்தோடு சாலையோரம் காத்து நிற்பார்கள். ‘அடுக்குச் சந்திப்பு’ என்று வைக்கலாமே?

> ஆக்சிலரேஷன் லேன்

இயற்பியல் பாடத்தில் முடுக்கம் என்கிறோம் என்பதற்காக ‘முடுக்குத் தடம்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். திருநெல்வேலியில் முடுக்கு என்றால் ஒரு சைக்கிள் நுழைகிற சந்து. வேகம் கூட்டும் இடத்துக்குச் சந்து என்று பெயர் வைத்த பெருமை நமக்கு வேண்டாம். ‘வேகக்கூட்டுத் தடம்’, ‘வேகக்குறைப்புத் தடம்’ என்றாலே புரியும்.

---

அக்கா, ‘அடுக்கு’ எங்கள் தொழிலில் 20 சென்டிமீட்டர் மண். சாலையைத் தாங்கும் மண்கரை எழுப்பும்போது ஒவ்வோர் அடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி, ஆய்வகத்தில் எட்டும் உச்ச இறுக்கத்தில் 95 சதவீதம் வந்த பிறகே அடுத்த அடுக்கு. கட்டுரையில் அது நிச்சயம் வரும், குழப்பும். ஆனாலும் உங்கள் சொல்லில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். திருநெல்வேலி ஜங்ஷன் பாலத்தை 1973 முதல் ‘ஈரடுக்கு மேம்பாலம்’ என்றுதானே சொல்கிறோம்? ‘ஈரடுக்கு’ என்றால் மேலொன்று கீழொன்று என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ‘ஈரடுக்கு விலக்கு’ என்று முதல் முறை முழுதாக எழுதி, பிறகு ‘விலக்கு’ என்று சுருக்கலாம். டீக்கடை விலக்கிலிருந்து பிரித்துக் காட்டியாயிற்று. மதுவிலக்குப் பயம் வீண். சாலைக் கட்டுரையில் யார் அப்படிப் படிப்பார்கள்?

பெயரைவிட நீளத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மணிக்கு 40 கி.மீ.யில் வளைவை விட்டு வருகிற கார் 100 கி.மீ.யைத் தொட, நிதானமாக மிதித்தால் 325 மீட்டர் ஓட வேண்டும். குறைப்பதற்கு 160 மீட்டர் போதும். நிலம் மிச்சம் என்று இரண்டையும் ஒரே நீளத்தில் வைத்தால், வேகம் எடுக்காத வண்டி பாதியில் பிரதான சாலைக்குள் நுழையும், பின்னால் வருகிறவர் பிரேக்கில் ஏறி நிற்பார். சுமை லாரிக்கு 325-ம் பற்றாது.

பெருகும் புறநகர் என்பதால் இன்னொன்று. காலை நேரத்தில் விலகுதடத்து முனை ரவுண்டானா திணறினால் வால் நீளும். ஒரு காருக்கு இடைவெளியோடு 7 மீட்டர், 30 கார் என்றால் 210 மீட்டர். மேலே சொன்ன 190 மீட்டர் சரிவு நிறைந்து, வேகத்தைக் குறைக்க வைத்த இடத்தையும் வரிசை தின்னும். இன்றைய ஊரை எண்ணிக் கட்டி, நாளைய வரிசையை விரைவுச்சாலையில் நிறுத்துவது இப்படித்தான்.

கரைக்கு மண்ணும் சாதாரண விஷயமில்லை. உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலை எடுத்துக்கொள்ளுங்கள். அடைத்து வைத்தால் நன்றாகத் தாங்கும், நீரையும் வடிக்கும். சரிவில் திறந்து விட்டால் ஒரே மழையில் ஓடை ஓடையாக அறுத்துக்கொண்டு போகும், காற்றுக் காலத்தில் பறக்கும். அதனால் நடுவில் மணல், வெளியே களிமண் போர்வை, அதன்மேல் புல். கயத்தாறு பக்கத்துக் கரிசலை மண்சுவருக்கு உள்ளே போட்டுவிடக் கூடாது; நீரைப் பிடித்துக்கொண்டு பலகையை வெளியே தள்ளும். பாலமும் கரையும் சேருகிற இடத்தில் கரை அமுங்கி வண்டி ‘டொக்’ என்று விழுவதற்கும் இறுக்கக் குறைவு ஒரு முக்கியக் காரணம். அதைத் தாங்கத்தான் 3.5 மீட்டராவது நீளமுள்ள அணுகுபலகை (பாலத்தையும் கரையையும் இணைக்கும் கான்கிரீட் பலகை) போடுவது.

---

‘ஈரடுக்கு விலக்கு’க்கு நானும் சரி. மற்றவற்றுக்கு என் கருத்து:

கோர் என்பது தடம் பிரிகிற இடத்தில் கோடு போட்ட முக்கோணம். ‘கவை’ என்போம். கவட்டை என்பதும் இதே வேர்தான், ஆனால் அச்சில் வேண்டாம். சங்கப் பாடல்களில் வழி பிரிகிற இடத்துக்குக் ‘கவலை’ என்றே பெயர். கடைசி நொடியில் மனம் மாறி அந்த முக்கோணத்தின் குறுக்கே வெட்டுகிறவர்களைப் பார்த்தால் அந்தப் பெயரும் பொருத்தம்தான்.

நாலு மூலையிலும் லூப் உள்ள க்ளோவர்லீஃப் வந்தால் க்ளோவரைத் தேட வேண்டாம். வயல் வரப்பில் நாலிலையாக விரியும் ஆரைக்கீரை இருக்கிறதே, ‘ஆரையிலை விலக்கு’. சென்னைக் கத்திப்பாரா அந்த வடிவம்தான். லூப்புக்குச் ‘சுற்றுத்தடம்’. மணிக்கு 40 கி.மீ.க்கு ஆரம் 60 மீட்டர் வேண்டும், முக்கால் வட்டம் 280 மீட்டர் ஓடும். அடுத்தடுத்த இரண்டு சுற்றுத்தடங்களுக்கு நடுவே, சேருகிறவரும் விலகுகிறவரும் ஒரே இடத்தில் ஒருவரை ஒருவர் குறுக்கே வெட்டுவதுதான் வீவிங். ‘பின்னலோட்டம்’ என்று எழுதுங்கள்.

---

நன்றி, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். ஒரே ஒரு ஐயம்: வழிகாட்டிப் பலகையில் ‘எக்ஸிட் 12’ என்று வருகிறது. அங்கே ‘வெளியேறும் வழி 12’ என்று போடவா?

---

100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர் போகிறது தம்பி. ‘வெளியேறும் வழி’யைப் படித்து முடிக்குமுன் கவை வந்துவிடும். ‘விலக்கு 12’ என்று போடுங்கள்.