காலப்பயண நாவலுக்கு முன்னுரை: முடிச்சை அவுத்துப் போட்டவங்களைப் பத்திச் சொல்லுங்க

கோபிக்காரன்
ஏனுங்க, காலப்பயண நாவலுக்கு முன்னுரை எழுதறவங்ககிட்ட முடிவைச் சொல்லிப்போடாதீங்கன்னு தனியா வேற சொல்லோணுமா? கொடீசியா புத்தகத் திருவிழாவுல வாங்கினது. முன்னுரை எழுதினவரு நல்ல எழுத்தாளர்தான், யதார்த்தக் கதைக்காரர். மூணாவது பத்தியிலயே, மொத அத்தியாயத்துல பஸ் ஸ்டாண்டுல நிக்கிற கிழவி வேற யாருமில்ல, வயசான நாயகியேதான்னு போட்டு உடைச்சுட்டாரு. "அந்த வண்டியில ஏறாத கண்ணு"ன்னு கிழவி கையைப் புடிச்சு இழுக்கிற இடம் பகீர்னு இருந்திருக்கோணும். சப்புனு போச்சு. குடும்பக் கதையில முடிவு தெரிஞ்சாலும் நட்டம் கம்மி. இதுல அந்த ஒத்தை முடிச்சுக்காகத்தான் 200 பக்கமும் கட்டியிருக்குது.

பல்லடத்து வாசகி
பின்னட்டை அதைவிட மோசமுங்க. ரோபோ வந்தாப் போதும், "சுஜாதாவுக்குப் பிறகு"ன்னு சக எழுத்தாளர் ஒருத்தர் எழுதிக் குடுத்துடறாரு. சுஜாதாவோட ரோபோ நாய் ஜீனோ மாதிரி துள்ளலா இருக்கும்னு எடுத்தா, 40 பக்கத்துக்கு ஒருதரம் வம்ச வரலாறு வர்ற நிதானமான மாயக்கதை. நாவல் மேல தப்பில்ல, ஒப்பீடுதான் தப்பு.

பெரியவங்களுக்கே இந்தக் கதிதான். 1954ல டோல்கீனோட 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வந்தப்ப, நண்பர் சி. எஸ். லூயிஸ் அவரை இத்தாலியக் காவியக் கவி அரியோஸ்தோ வரைக்கும் இழுத்துப் புகழ்ந்தாரு. சில விமர்சகர்கள் அந்தப் புகழ்ச்சியைப் புடிச்சுக்கிட்டுக் கிண்டலடிச்சாங்க. என் ஆதரவால உனக்கு நல்லதும் வரும் கெடுதலும் வரும்னு லூயிஸே முன்னாடி எச்சரிச்சிருந்தாராமா. டோல்கீன் கடிதத்துல இருக்குது.

ஆழியாறு
கோபிக்காரரே, முன்னுரையைத் தாண்டிப்போட்டுக் கதைக்குப் போயிருக்கலாமுல்ல? அதே நாலு பக்கத்தைப் பின்னுரையாப் போட்டிருந்தா நீங்களே நல்ல கட்டுரைன்னு சொல்லியிருப்பீங்க. எழுதினவரை வையறதுக்குப் பதிலா எடம் மாத்திப் போட்ட பதிப்பாளரைக் கேளுங்க.

பல்லடத்தக்கா சொல்றதும் பாதிதான் சரி. ஒப்பீடே இல்லாட்டி கடைக்காரர் எந்த வரிசையில வெப்பாரு? பேரை ஒப்பிடாம அம்சத்தை ஒப்பிடலாம். "மூன்று தலைமுறைக் கதை, நடுவில் ஒரு விண்கலம்"னா புரிஞ்சுபோகும்.

முன்னுரைக்கு மாதிரி வேணுமுன்னா பெருமாள்முருகனோட 'பூனாச்சி' எடுங்க, 2016ல வந்தது. மனுசரைப் பத்தி எழுத அச்சம், தெய்வத்தைப் பத்தி எழுதப் பேரச்சம்னு போயி, கடைசியில ஆட்டுக்கு வந்து சேருவாரு. குட்டிக்குக் கதையில என்ன ஆகுதுன்னு ஒரு வரி கிடையாது.

ஈரோடு பக்கவடிவம்
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிப்போடறேன்.

முன்னுரைய அளவு சொல்லித்தான் கேக்கோணும். அச்சுல ஒரே தாளா ஓட்டி மடிக்கிறதுதான் பாரம், ஒரு பாரம் 16 பக்கம். நாவல் 200, தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணமெல்லாம் 4. மிச்சம் நாலு பக்கம் முன்னுரைக்கு விட்டா 208, சரியா 13 பாரம். அஞ்சாவது பக்கத்துக்கு ஓடுச்சுன்னா பதினாலாவது பாரம் ஏறும், இல்லாட்டி எழுத்தைச் சுருக்கோணும். டெம்மி அளவுல 11 புள்ளி எழுத்துன்னா பக்கத்துக்குச் சுமாரா 200 வார்த்தை. அதனால "800 வார்த்தைங்ணா"ன்னு மொதல்லயே சொல்லிருங்க. பின்னட்டைக்கு 60 வார்த்தைக்கு மேல வாங்காதீங்க. ஆசிரியர் படமும் பார்கோடும் பாதி எடத்தைத் தின்னுரும்.

முன்னுரை எழுதறவங்களுக்குப் பிடிஎஃப் அனுப்பும்போது கூடவே ஒரு தாள்: எதைச் சொல்லலாம், எந்த அத்தியாயத்துக்கு மேல வாய் திறக்கக் கூடாது. காலப்பயணம், ஆள்மாறாட்டம், "எல்லாமே கணினிக்குள்ள"ங்கற மாதிரிக் கதைன்னா இது கட்டாயம். அடுத்து பேர்ப் பட்டியல். கிரகம், குலம், கருவி எல்லாத்துக்கும் நீங்க வெச்ச பேரு அகராதியில இருக்காது. பிழை பார்க்கிறவங்க நல்ல மனசோட "திருத்தி"ப்போடுவாங்க. 'வேழி'ங்கற கிரகம் முன்னுரையில 'வேலி'யாகி நின்னதைக் கண்ணால பார்த்தேன். யூனிகோடுல வந்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாத்தினா கிரந்த எழுத்து சிலது கட்டமாயிரலாம், அதையும் ஒருக்கா ஓட்டிப் பார்க்கோணும்.

ஆகஸ்டுல ஈரோட்டுத் திருவிழாவுக்குப் புத்தகம் வேணுமுன்னா மே மாசமே கையெழுத்துப்படி முன்னுரை எழுதறவங்க கையில இருக்கோணும். ஜூலையில குடுத்தா அவங்க படிக்கறது மொத அத்தியாயமும் கடைசி அத்தியாயமுந்தான். கோபிக்காரருக்குக் கெடைச்ச முன்னுரை அப்படிப் பொறந்ததா இருக்கும்.

இன்னொண்ணு. "இது வெறும் கற்பனையல்ல"ங்கற வரி வந்தா எழுதினவங்ககிட்டக் கேட்டு எடுத்துருங்க. கற்பனைக்கு எதுக்குங்க மன்னிப்பு?

நொய்யல் கரை
ஈரோட்டு அண்ணா வகுப்பே எடுத்துட்டாரு. ஆனா கேட்டா எழுதித்தான் ஆகோணும்னு எந்தச் சட்டமுமில்லீங்க. 1987ல ஒரு அறிவியல் புனைகதைத் தொகுப்புக்குப் பரிந்துரை கேட்டப்ப அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் முடியாதுன்னு கடுதாசி போட்டாரு. தொகுப்புல ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்ல, காரணத்தை ஒளிக்காம எழுதினாரு.

நம்மாளுங்க "பார்க்கலாமுங்க"ன்னு சொல்லி மூணு மாசம் இழுத்து, கடைசியில படிக்காமயே பத்து வரி குடுக்கறாங்க. முடியாதுன்னா ஒரு வாரத்துல சொல்லிப்போடுங்க, வேற ஆளைப் பார்க்க அவங்களுக்கு நேரமிருக்கும். பாதி படிச்சுட்டுப் புடிக்கலைன்னா அதையும் எழுத்தாளர்கிட்ட நேரா, போன்லயே சொல்லிரலாம். பின்னட்டையில பூசி மெழுக வேண்டாம்.