எல்லாம் முடிந்த பிறகும் ஒடிசியஸ் தன் தகப்பனிடம் ஏன் பொய் சொன்னான்?

களுதாவளையான்

ஹோமரின் பழைய கிரேக்கக் காவியம் ஒடிசியை வாசித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு விஷயம் கேட்க வேண்டும். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. கட்டாரில் லொறி ஓட்டியவன். மகள் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கிறாள். கிரேக்க நாடகம் பற்றி எதையோ தேடி நூலகத்துக்குப் போனவள் ஒடிசியின் ஆங்கில உரைநடைப் புத்தகம் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அதைத் திறக்கவே இல்லை. நான்தான் இரவில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து முடித்தேன்.

ஒற்றைக்கண் அரக்கன், காற்றை அடைத்த பை, பாடி இழுக்கும் சைரன்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. (மட்டக்களப்பார் என்றதும் பாடும் மீனை இங்கே இழுத்து வராதீர்கள், தயவுசெய்து.) என் கேள்வி கடைசிக் காண்டத்தைப் பற்றியது.

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாக்கா தீவின் அரசன் ஒடிசியஸுக்குப் பத்து வருடம் துரோய்ப் போர், பத்து வருடம் கடல். பிச்சைக்காரன் வேடத்தில் வீட்டுக்கு வருகிறான். மனைவியைக் கேட்டு வந்து வீட்டில் குந்தியிருந்து தின்ற 108 பேரையும் மகனோடும் இரண்டு வேலைக்காரரோடும் சேர்ந்து கொன்றுவிடுகிறான். மனைவியும் அடையாளம் கண்டுவிட்டாள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. மறுநாள் தகப்பன் லயெர்டெஸைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போகிறான். கிழவன் ஒட்டுப் போட்ட உடுப்போடு, ஆட்டுத்தோல் தொப்பி போட்டு, முள் குத்தாமல் கைக்கு உறையும் போட்டு, ஒரு செடியின் அடியைக் கொத்திக்கொண்டிருக்கிறான். மகன் ஒரு பேரி மரத்தடியில் நின்று அழுகிறான். அழுதுவிட்டு நேரே போய், தான் யாரோ அசலூரான் என்றும், ஐந்து வருடத்துக்கு முன் ஒடிசியஸ் தன் வீட்டில் தங்கிப் போனான் என்றும் கதை அளக்கிறான்!

ஏன்? அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரு கிழமை தொடவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் 2002 இல் போனவன். சுனாமிக்குப் பிறகு 2005 தையில் இருபது நாள் வந்து நின்றேன். அதன் பிறகு எட்டு வருடம் வரவில்லை. வேலை செய்த இடத்தில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். (கலிப்சோ என்ற தேவதை ஒடிசியஸைத் தன் தீவில் ஏழு வருடம் பிடித்து வைத்திருந்தாளே, அது மாதிரி. ஆனால் அங்கே அழகியும் இல்லை, தீவும் இல்லை, பதினாறு பேருக்கு ஓர் அறை.) அம்மா 2009 இல் போய்விட்டா. அதைத் தொலைபேசியில்தான் கேட்டேன். 2013 ஆவணியில் கடதாசி எல்லாம் திடீரென்று சரிவந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் வந்தேன்.

இரவு பஸ்ஸில் நல்ல நித்திரை. கல்லடியில் கண் விழித்தால் எனக்கு இடமே தெரியவில்லை. நான் போகும்போது ஒரு பாலம்தான், இப்போது பக்கத்தில் இன்னொன்று, அதில் பஸ் போகிறது. ஒடிசியஸையும் நித்திரையிலேதான் கொண்டு வந்து கரையில் கிடத்துகிறார்கள். எழும்பிப் பார்த்து இது எந்த ஊர் என்று திகைக்கிறான். அதை வாசித்தபோது சிரித்தேன்.

வீட்டில் ஒருவரும் இல்லை. மனைவி மகளைப் பள்ளிக்கு விடப் போயிருந்தாள். அப்பா வெற்றிலைத் தோட்டத்தில் குந்தியிருந்து கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் முன்பு கொடுத்துவிட்ட கம்பனிச் சட்டை, கை கிழிந்தது, அதைத்தான் போட்டிருந்தார். கண்ணில் வெண்படலம் விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, "ஆரு மனே?" என்றார். எங்கள் பக்கத்தில் வயதில் குறைந்த யாரையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் சொன்னேன்: "கட்டாரில இருந்து வாறன். உங்கட மகன் சாமான் தந்து விட்டவர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அவர் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "அவன் நேரத்துக்குச் சாப்பிடுறானா மனே?" என்று கேட்டார்.

அதற்கு மேல் முடியவில்லை. "அப்பா, நான்தான்" என்றேன். அவர் அழவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. கோபம். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. 2017 இல் அவரும் போய்விட்டார்.

அந்தக் கவிதையில் காரணம் ஏதாவது சொல்லப்பட்டிருக்கிறதா? மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டார்களா?

கல்லாறு ரீச்சர்

தம்பி, மொழிபெயர்ப்பில் விடவில்லை. மூலத்திலும் காரணம் அவ்வளவுதான். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து எல்லாவற்றையும் சொல்வதா, முதலில் கேட்டுச் சோதிப்பதா என்று யோசித்தான், சோதிப்பதே நல்லது என்று முடிவு செய்தான் என்று மட்டும் வரும். ஏன் நல்லது என்று ஹோமர் சொல்லவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக வாசிக்கிறவர்கள் அந்த இடத்தில் முகம் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் இல்லை.

ஆனால் அவன் இதுவரை சொன்ன பொய்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இத்தாக்காவில் கண் விழித்ததும் இடையன் வேடத்தில் வந்த ஏதெனா தேவியிடம் தான் கிரீட் தீவான் என்கிறான். அவள் சிரித்துக்கொண்டே கையால் தடவிக் கொடுக்கிறாள், தேவர்களாலும் உன்னை வெல்வது கஷ்டம் என்று. பிறகு பன்றி மேய்க்கும் யூமேயஸிடமும் கிரீட். 19 ஆம் காண்டத்தில் சொந்த மனைவியிடமும் கிரீட். அங்கே பெனலொப்பி, மலை உச்சியில் பனி உருகுவது போல அழுகிறாள். இவனுடைய கண்? கொம்பு மாதிரி, இரும்பு மாதிரி அசையாமல் நின்றது என்கிறார் ஹோமர். உள்ளே இரக்கம் இருந்தது, கண்ணில் காட்டவில்லை.

இப்போது தகப்பன். கிழவர் இரண்டு கையாலும் கரும்புழுதியை அள்ளி நரைத்த தலையில் போட்டுக்கொண்டு முனகுகிறார். அதைப் பார்த்ததும் ஒடிசியஸுக்கு மூக்கின் வழியே சுரீரென்று ஏறியது என்று ஒரு வரி வரும். அழுகை வருவதற்கு முன்னால் மூக்கில் காரம் ஏறுமே, அதுதான். அதோடு பாய்ந்து போய்க் கட்டிக்கொள்கிறான். மனைவியின் முன்னால் இரும்பாக இருந்தவனுக்கு இங்கே பொய்யை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. யாரும் பிடிக்காமல், தாங்க முடியாமல் அவனாகவே உடைத்த பொய் அது.

என் எண்ணம் இது. இருபது வருடம் பொய்யால் உயிர் பிழைத்தவனுக்கு உண்மை உடனே வாய்க்கு வராது. நீங்களும் எட்டு வருடம் தொலைபேசியில் வீட்டுக்கு என்ன சொன்னீர்கள்? "நல்லா இருக்கன், பிரச்சினை ஒன்றும் இல்லை" என்றுதானே?

வந்தாறுமூலை வாசி

அண்ணன், ரீச்சர் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு ஆழம் தேடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். அலெக்சாந்திரியாவில் இருந்த பழைய அறிஞர்கள் அரிஸ்டோபனிஸும் அரிஸ்டார்க்கஸும் 23 ஆம் காண்டத்தின் 296 ஆவது வரியோடு காவியம் முடிகிறது என்றார்கள். கணவனும் மனைவியும் தங்கள் பழைய கட்டிலுக்குப் போகும் இடம் அது. (நாடகக்காரர் அரிஸ்டோபனிஸ் இல்லை, இவர் வேறு ஆள்.) அதற்குப் பிறகு வருவது வேறு யாரோ பின்னால் ஒட்டியது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். ஒட்டியவர் பழைய வேடக் காட்சியை இன்னொரு தடவை போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

கல்லாறு ரீச்சர்

ஒட்டியிருக்கலாம். ஆனால் ஒட்டியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை மகன். மரக் கணக்கை வாசித்தீர்களா?

தகப்பன் ஓர் அடையாளம் கேட்கிறார். ஒடிசியஸ் முதலில் பன்றி குத்திய தழும்பைக் காட்டுகிறான். அது வேலைக்காரருக்கும் காட்டியதுதான். பிறகு, சின்ன வயதில் உங்களுக்குப் பின்னால் இந்தத் தோட்டத்தில் திரிந்தேன், ஒவ்வொன்றின் பேரையும் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள் என்கிறான். பேரி 13, அப்பிள் 10, அத்தி 40, முந்திரிகைக் கொடி 50 வரிசை தருவதாகச் சொன்னீர்கள் என்று எண்ணிக்கை பிசகாமல் ஒப்புவிக்கிறான். கிழவருக்குக் கால் மடிகிறது. மயங்கி அவன் மேல் சாய்கிறார். மனைவிக்கும் அவனுக்கும் ஒலிவ மரத்தில் செய்த கட்டில் இரகசியம். தகப்பனுக்கும் அவனுக்கும் இது. இதை வெட்டி எறி என்றால் எனக்கு மனம் வராது.

படுவான்கரை மத்தளம்

கூத்துக்காரன் பேசலாமா? நான் ஒடிசி முழுதாக வாசிக்கவில்லை, பட்டறையில் கதை கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் காட்சி எனக்குப் புதிது இல்லை. நளனைப் பாருங்கள். கார்க்கோடகன் தீண்டி உருக் கெட்டு, வாகுகன் என்ற பெயரில் தேர்ப்பாகனாக வந்து நிற்கிறான். தமயந்திக்குச் சந்தேகம். அவன் சமைத்ததை எடுப்பித்துச் சுவை பார்க்கிறாள். பிள்ளைகளை அவன் முன்னால் அனுப்புகிறாள். பிள்ளைகளைக் கண்டதும் அவன் உடைகிறான். பாண்டிருப்பில் திரௌபதி அம்மன் திருவிழா பார்க்கிற சனத்துக்கு அஞ்ஞாதவாசம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. வேடம் போட்டு ஒரு வருடம் வாழ்ந்தவன் வேடத்தை ஒரு நிமிடத்தில் கழற்றிவிட மாட்டான்.

ஆடுபவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். விடியச் சாமம் கூத்து முடிந்து முடியைக் கழற்றி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ராசாவாகத்தான் நடப்போம். மனிசி தேத்தண்ணி தந்தால் கூட விருத்தக் குரலில் பதில் வரும். சிரிப்பார்கள்.

இன்னொன்று. அந்தக் கதையில் ஒரு குருட்டுப் பாடகன் வருவானாமே, அரசன் வீட்டில் துரோய்ப் போரைப் பாட, அங்கே விருந்தாளியாக இருந்த ஒடிசியஸ் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதானாம். தன் கதையைத் தானே மூன்றாம் ஆளாகக் கேட்கிறான். களுதாவளை அண்ணன் கேட்டதும் அதுதானே? தான் இல்லாத இடத்தில் தன்னைப் பற்றி அப்பா என்ன கேட்பார் என்று?

ஒலுவில் தோணிக்காரன்

எல்லோரும் பெரிய கதை சொல்கிறீர்கள். நான் கடலுக்குப் போய் வந்தால் படலையில் நின்று குரலை மாற்றி "மீன் வேணுமா உம்மா?" என்றுதான் கூப்பிடுவேன். உம்மா ஒவ்வொரு முறையும் "வேணாம்" என்பா. சந்தோசம் அதிகமானால் மனிசன் விளையாடுவான். அந்த ஆளும் விளையாடினான், விளையாட்டு வினையாகிவிட்டது.

எனக்கு வேறு சந்தேகம். அந்த ஆள் கட்டுமரம் மாதிரி ஒன்றைத் தானே கட்டி வந்தானாமே, எத்தனை நாள் ஓடினான்? வழி எப்படிப் பார்த்தான்?

கல்லாறு ரீச்சர்

தோணிக்காரத் தம்பிக்கு: கட்ட நாலு நாள், ஓட்டம் பதினேழு நாள், பதினெட்டாம் நாள் கரை தெரிந்தது. நித்திரை கொள்ளாமல் கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். நாம் சப்தரிஷி என்கிற கூட்டத்தை அவர்கள் கரடி என்பார்கள். அதை இடக்கைப் பக்கம் வைத்து ஓடு என்று கலிப்சோ சொல்லி அனுப்பினாள். அப்படியென்றால் கிழக்கே. ஆனால் கரை தெரிந்த பிறகு கடல் தேவன் பொசைடன் புயலை விட்டு மரத்தைச் சிதறடித்தான், கடைசியில் நீந்தித்தான் ஏறினான்.

ஒலுவில் தோணிக்காரன்

பதினேழு நாள் நித்திரை இல்லையா? அது பொய். மற்றதெல்லாம் சரி.

களுதாவளையான்

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் தொலைபேசியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் எழுத முடியவில்லை. ஆம், அதைத்தான் சொன்னேன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். மத்தளம் அண்ணன் சொன்னதும் சரியாக இருக்கலாம். அப்பா எனக்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு நாளும் விசாரித்தது கிடையாது.

மரக் கணக்கு எங்களுக்கும் உண்டு. 78 சூறாவளியில் வளவில் ஒரு தென்னை மிஞ்சவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. அடுத்த மாரிக்கு அப்பா பதினெட்டுப் பிள்ளை வைத்தார். நான் கிணற்றில் இருந்து சின்ன வாளியில் தண்ணீர் கொண்டு போவேன், இது உனக்கு, இது அக்காவுக்கு என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார். எனக்கு ஏழு, அக்காவுக்குப் பதினொன்று. சீதனத்துக்கு என்று அவளுக்குக் கூட. அது அப்போது எனக்குப் பெரிய கோபம். இன்று பதின்மூன்று நிற்கிறது, அதில் என்னுடையது ஐந்து.

கதைக்காமல் இருந்தார் என்றேனே, மூன்றாம் நாள் விடிய நான் தோட்டப் பக்கம் போனேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. வாளியை எடுத்து என் பக்கமாக வைத்தார். "அந்தக் கடைசி வரிசைக்கு இன்னும் ஊத்தல்ல" என்றார். ஊற்றினேன். அவ்வளவுதான், அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

மகளிடம் 24 ஆம் காண்டத்தை மட்டுமாவது வாசி என்று சொல்லியிருக்கிறேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதி எப்போதோ தாண்டிவிட்டதாம். தண்டத்தை என்னிடம் கேட்கிறாள்.