சொந்தபந்தம் குழு: குன்னூர் கல்வீட்டுக்குக் கடன் கிடைக்குமா?

சனிக்கிழமை

செந்தில், காலை 8:10
எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில், கோத்தகிரி ரோட்டுக்குக் கீழே ஒரு கல்வீடு பார்த்திருக்கிறோம். 62 லட்சம் சொல்கிறார்கள். முன்பக்கம் வெள்ளைக்காரன் காலத்தது. பின்னால் இரண்டு அறைகள் அப்புறம் இழுத்துக் கட்டியவை. சுவரில் விரிசல் இருக்கிறது. வங்கியில் கடன் தருவார்களா? அத்தை, மாமா, படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா, 8:14
வெள்ளைக்காரன் கட்டியதா? கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. அந்தக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

ராஜாமணி மாமா, 8:31
கல்லுக்கு ஆகாதுதான். கல்லுக்கு நடுவில் இருப்பது சுண்ணாம்பா, மண் சாந்தா? காரை பெயர்ந்த இடத்தில் சாவியால் சுரண்டிப் பார் செந்தில். மண் என்றாலும் பயப்பட வேண்டாம், தண்ணீர் இறங்காதவரை நிற்கும். மேலே சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளே அடைத்து வைத்திருந்தால்தான் வம்பு.

ராஜாமணி மாமா, 8:33
மூன்றாவது படத்தில் இருக்கிற விரிசல் மேலே அகலமா, கீழே அகலமா?

செந்தில், 8:40
மேலே. விரல் நுழைகிறது. கீழே வர வர மெலிந்துவிடுகிறது. பழைய வீடும் பின் அறையும் சேருகிற இடம் அது.

ராஜாமணி மாமா, 8:52
அப்படியென்றால் பின் அறை பள்ளத்துப் பக்கம் சாய்கிறது. பழைய வீட்டை மலையை வெட்டிய கெட்டித் தரையில் வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் சரிவில் மண்ணைக் கொட்டி, அதன் மேல் கட்டியிருப்பார்கள். கொட்டிய மண் இறங்கும், வெட்டிய தரை இறங்காது. கீழே தடுப்புச் சுவர் இருக்கிறதா? அதில் தண்ணீர் வெளியேறத் துளை விட்டிருக்கிறார்களா?

செந்தில், 8:55
இருக்கிறது மாமா. பாதித் துளைகளில் செடி முளைத்து அடைந்துவிட்டது. சுவரும் நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளி நிற்கிறது. கேட்டால் "அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டுவார்கள்" என்கிறார் தரகர்.

கௌரி அக்கா, 8:56
ஹா ஹா. கர்ப்பிணிச் சுவர்.

ராஜாமணி மாமா, 9:10
சிரிக்காதே கௌரி. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஊறிய தண்ணீருக்கு வழி இல்லையென்றால் அது சுவரைத்தான் தள்ளும். குன்னூருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, தேதி எழுதி வை. மழை முடியும்போது கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

மகேஸ்வரி அத்தை, 11:20
இப்போதுதான் பார்த்தேன். பின் அறைகளுக்கு நகராட்சி பிளான் அனுமதி இருக்கிறதா?

செந்தில், 11:22
இல்லை அத்தை. வீட்டுவரி ரசீதில் சேர்ந்திருக்கிறது.

மகேஸ்வரி அத்தை, 11:35
வரி கட்டினால் அனுமதி ஆகிவிடாது. வங்கியின் வேல்யூயர், அதாவது வீட்டுக்கு மதிப்புப் போடுகிறவர், அந்த அறைகளை மதிப்பில் சேர்க்கமாட்டார். சில வங்கிகள் ஃபைலையே திருப்பிவிடும். இன்னொன்று, வேல்யூயர் வந்துபோனதால் வீடு திடமாக இருக்கிறது என்று நினைக்காதே. வங்கியின் பணம் திரும்பி வருமா என்பதுதான் அவர் கவலை. உன் கூரை உன் கவலை. கட்டடத்தின் உறுதியைப் பார்க்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவருக்குத் தனியாகக் காசு கொடுத்து அறிக்கை வாங்கு.

மகேஸ்வரி அத்தை, 11:48
கணக்கையும் கேள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை கடன் என்றால், மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். ரிசர்வ் வங்கி விதி. பத்திர விலை, வேல்யூயர் விலை, இரண்டில் குறைந்ததைத்தான் மதிப்பாக எடுப்பார்கள். அவர் 48 லட்சம் போட்டார் என்று வை. கடன் 38 லட்சத்து 40 ஆயிரம். மீதி 23 லட்சத்து 60 ஆயிரம் நீ போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 62 லட்சத்துக்கு ஒரு 5 லட்சத்து 58 ஆயிரம். அதையும் வங்கி மதிப்பில் சேர்க்காது. 29 லட்சத்துக்கு மேல் கைப்பணம் வேண்டும்.

செந்தில், 11:50
நகையை வைத்தாலும் 23தான் தேறும் அத்தை.

மகேஸ்வரி அத்தை, 11:58
கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்றும் வேல்யூயர் எழுதுவார். குறைவாக எழுதினால் தவணைக் காலம் சுருங்கும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் 33,300 வரும். 15 வருடம் என்றால் 37,800.

பெரியப்பா, மதியம் 12:15
இவ்வளவு குழப்பம் எதற்கு? வாங்கி, இடித்துவிட்டு, மூன்று மாடி கட்டு.

ராஜாமணி மாமா, 12:21
நீலகிரியில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் விடமாட்டார்கள். ஜேசிபி இறக்கவே கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேண்டும். கோயம்புத்தூர் மாதிரி நினைத்தீர்களா!

ராஜாமணி மாமா, 12:30
இடிப்பதென்றால் பின் அறைகளை மட்டும் இடிக்கலாம். வங்கியும் அவற்றைக் கணக்கில் எடுக்காது, மண்ணும் தாங்காது. பாரம் குறைந்தால் தடுப்புச் சுவருக்கும் மூச்சு வரும். அந்த அறைகளே இல்லாத வீடாக நினைத்து விலை பேசு. சுவரைச் சரிசெய்து வடிகால் போடும் செலவையும் கழித்துக்கொள்.

கௌரி அக்கா, 12:44
அட்வான்ஸ் கொடுக்கும் முன் யோசி செந்தில். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி 5 லட்சம் கொடுத்தாள். வங்கி கடன் இல்லை என்றுவிட்டது. விற்கிறவர் "உனக்குக் கடன் கிடைக்காததற்கு நான் என்ன செய்வேன்" என்கிறார். பணம் இன்னும் வரவில்லை.

மகேஸ்வரி அத்தை, 12:50
அதேதான். கடன் மறுக்கப்பட்டால் இத்தனை நாளில் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

செந்தில், மாலை 6:05
பேசிவிட்டேன். கண்ணாடி ஒட்டச் சம்மதம். விலையில் 55 வரை இறங்குகிறார். ஆனால் முன்பணம் திருப்பித் தருவதை எழுத்தில் தரமாட்டாராம், வாய் வார்த்தை போதும் என்கிறார். வேறு ஆள் வருகிறாராம், இந்த வாரமே முடிவு சொல்ல வேண்டுமாம்.

மகேஸ்வரி அத்தை, 6:09
வருகிற ஆளுக்கே கொடுக்கட்டும். எழுதித் தராமல் ஒரு ரூபாய் கொடுக்காதே.

ராஜாமணி மாமா, 6:20
55 இன்னும் அதிகம். நான் புதன்கிழமை வருகிறேன், தடுப்புச் சுவரைக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, இரண்டின் ஜெராக்ஸையும் அத்தைக்கு அனுப்பி வை.

செந்தில், 6:22
சரி மாமா. தரகரிடம் இன்றைக்கே கேட்கிறேன்.