குடியுரிமை இல்லாமல் தேசிய சேவை: சிங்கப்பூர் நிரந்தரவாசியின் மகன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: செங்காங் தந்தை

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து சில ஆண்டுகள் கழித்து, எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. அப்போது அவனுக்கு வயது நான்கு. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண் பிள்ளைகள் பிற்காலத்தில் தேசிய சேவை, அதாவது இரண்டு ஆண்டுக் கட்டாய ராணுவச் சேவை, செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். பதினான்கு ஆண்டுகள் கழித்து வரப்போகும் விஷயம் அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அவனுக்குப் பதினைந்து நடக்கிறது, உயர்நிலை மூன்றில் படிக்கிறான்.

வேலையின் பேரில் நிரந்தரவாசம் பெற்ற எனக்கு இந்தக் கடமை கிடையாது. "கையெழுத்துப் போட்டது நீங்கள், தலைமுடியை மழித்துக்கொள்ளப் போவது அவன்" என்று என் மனைவி சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊரில் அம்மாவோ, ஒற்றைப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புவதா என்று தொலைபேசியில் அழுகிறார். அவனைத் திருச்சியில் விடுதியில் சேர்த்து பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கவைத்துவிட்டு, நிரந்தரவாசத்தைச் சத்தமில்லாமல் காலாவதியாக விட்டுவிடலாம் என்பது மைத்துனரின் யோசனை.

என் சந்தேகம் இதுதான். இந்தியக் கடவுச்சீட்டும் நிரந்தரவாசிக்குரிய நீல அடையாள அட்டையும் வைத்திருக்கும் பிள்ளை, வாக்குரிமைகூட இல்லாத நாட்டுக்காக இரண்டு ஆண்டுகள் சீருடை அணிந்தால், அதன் முடிவில் அவனுக்குக் குடியுரிமை தானாக வந்துவிடுமா? வராது என்றால், கடமையை முதலில் கேட்டுவிட்டு உரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

மறுமொழி: உட்லண்ட்ஸ்வாசி

ஐயா, உங்கள் இடத்தில் நான் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்தேன் என்பதால் எழுதுகிறேன். சேவை முடிந்ததும் குடியுரிமை தானாக வராது. விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் பரிசீலிக்க வேண்டும். சேவை செய்திருப்பது அந்தப் பரிசீலனையில் பெரிய பலம் என்பது உண்மை, அதுவே உத்தரவாதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மைத்துனரின் யோசனையை உடனே கைவிடுங்கள். பதின்மூன்று வயதைக் கடந்த பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் திருச்சியில் தங்கிப் படிப்பதென்றால் பிணைத்தொகையும் கேட்பார்கள். அது 75,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. பதினாறரை வயதில் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வரும்போது பிள்ளை ஊரில் இருந்தால், அந்தக் கடிதத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சேவையைப் பற்றி அம்மாவிடம் சொல்ல உங்களுக்கு ஏதாவது வேண்டுமே. சேரும் நாளில் பெற்றோரும் அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவு வரை கூடவே போகலாம். படுக்கும் அறையைக் காட்டுவார்கள், அங்குள்ள உணவுக்கூடத்திலேயே மதியச் சாப்பாடு போடுவார்கள். அன்றைக்கு என் மனைவி தட்டில் இருந்ததைத் தொடவே இல்லை. எங்கள் மேசையில் ஒரு சீனத் தாயும் ஒரு மலாய்த் தகப்பனாரும் இருந்தார்கள், அவர்களும் சாப்பிடவில்லை. திரும்பிவரும் படகில் யாரும் யாருடனும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவன் முதலில் கேட்டது ரசம். பிறகு வாராவாரம் சேறு படிந்த பச்சைச் சட்டையைத் துவைப்பது எங்கள் வீட்டுச் சனிக்கிழமை வழக்கமாகிவிட்டது. சேர்வதற்கு முன்பே உடற்தகுதித் தேர்வில் தேறிவிட்டதால் இரண்டு மாதம் குறைந்து, 22 மாதங்களில் முடித்துவிட்டான். பல்கலைக்கழக இடத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான், அது அவனுக்காகக் காத்திருந்தது.

மறுமொழி: சட்டம் படித்தவன்

மேலே உள்ள நண்பர் நடைமுறையைச் சொல்லிவிட்டார், நான் சட்டத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நிரந்தரவாசத்தை முறைப்படி கைவிடுவதும், அழைப்பு வந்த பிறகு வராமல் இருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது குற்றம், அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 2017-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு, எவ்வளவு காலம் ஏய்த்தார்களோ அதற்கேற்பத் தண்டனையும் கூட வேண்டும் என்று வரையறுத்த பிறகு, அபராதத்தோடு தப்பிக்கலாம் என்ற பழைய கணக்கு செல்லாது. சேவை செய்யாமல் முறைப்படி கைவிடுவது குற்றமில்லை என்றாலும், அந்தப் பிள்ளை பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அது பெரிய பாதகமாக நிற்கும். நிரந்தரவாசத்தை இழக்காமல் வெளிநாடு சென்றுவர உதவும் பெற்றோரின் மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படலாம்.

உங்களைப் போன்ற பலர் அடுத்து இன்னொன்றும் கேட்பார்கள். குடும்பமாகக் குடியுரிமை வாங்கிவிட்டு, பிடிக்காவிட்டால் பையன் பிறகு இந்தியாவுக்குத் திரும்பிக்கொள்ளலாமா என்பது அது. இரண்டு பக்கமும் கதவு இறுக்கமானது. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 128-ஆவது பிரிவுப்படி, 21 வயது நிறைந்த பிறகுதான் குடியுரிமையைத் துறக்க முடியும். தேசிய சேவைக்கு உட்பட்டவர் முழுநேரச் சேவையை முடிக்காவிட்டால், அந்தத் துறப்பைப் பதிவு செய்யாமல் நிறுத்திவைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அதாவது இங்கே குடியுரிமையிலிருந்து வெளியேறும் வாசலிலும் சேவைதான் காவலுக்கு நிற்கிறது.

இந்தியப் பக்கத்தில், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு, பெற்றோர் குடியுரிமையைத் துறந்ததால் அதை இழந்த பிள்ளை, வயது வந்த ஓராண்டுக்குள் அறிவிப்புக் கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம் என்கிறது. சிங்கப்பூரில் பிறந்த ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது; 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றதும் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை தானே அற்றுப்போகிறது, அது 'துறத்தல்' ஆகாது, ஆகவே 8(2) அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி எதையும் விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுபவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் அது கிடையாது என்பது பொது விதி. 2017 ஜூலையில் பிரதமர் மோடி டெல் அவிவில் பேசும்போது, இஸ்ரேலில் கட்டாய ராணுவச் சேவை செய்த இந்திய வம்சாவளியினருக்கும் ஓசிஐ கிடைக்கும் என்று அறிவித்தார். உங்கள் மகன் சேவை முடித்துக் குடியுரிமையும் பெறுவதானால், ஓசிஐக்கு விண்ணப்பிக்கும் முன், சிங்கப்பூர்ச் சேவைக்கும் அது பொருந்துமா என்று இந்தியத் தூதரகத்தில் எழுத்துமூலம் பதில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தேக்காக்காரன்

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். சேவை முடித்து, அதன் பிறகு ஆண்டுதோறும் அழைக்கப்படும் பத்தாண்டு மறுபயிற்சிச் சுற்றில் இப்போது ஏழாவது ஆண்டில் இருக்கிறேன். கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. வாக்குரிமை இல்லாதவன் ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும் என்ற கேள்வி இங்கே புதிதல்ல. 1954-இல் பிரிட்டிஷ் அரசு தேசிய சேவைச் சட்டம் கொண்டுவந்தபோது சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மே 13-ஆம் தேதி தெருவில் இறங்கினார்கள். தங்களை ஆளும் காலனி அரசைக் காப்பாற்றத் தாங்கள் ஏன் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். சிங்கப்பூர்க் குடியுரிமை என்ற ஒன்றே 1957-இல்தான் சட்டமானது. 1967-இல் இன்றைய சேவை தொடங்கியபோது நாடு தனியாகி இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன, கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷார் படையை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தார்கள். இங்கே சேவை என்பது முழுதாய் விளைந்த குடியுரிமையின் மேல் போட்ட வரி அல்ல. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன.

அதற்காக எல்லாம் நேர்த்தியாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் பத்தாண்டு அளவுக்கு மலாய் இளைஞர்களில் பெரும்பாலோர் அழைக்கப்படவே இல்லை. அவர்கள் குடிமக்கள், உங்கள் மகனைப் போல் நீல அட்டைக்காரர்கள் அல்ல. அழைக்கப்படாததை அவர்கள் சலுகையாக நினைக்கவில்லை. சேவை முடித்த சான்றைக் கேட்ட முதலாளிகளிடம் வேலை கிடைக்காமல் அலைந்தார்கள். கூப்பிடாமல் விடப்படுவதன் வலி அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்பதை ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்தும் பாருங்கள்.

நியாயமற்றது எது என்று என்னைக் கேட்டால், தகப்பனை விட்டுவிட்டு மகனை மட்டும் பிடிப்பதைச் சொல்வேன். முதல் தலைமுறை நிரந்தரவாசிகளும் பெண்களும் விரும்பிச் சேர ஆயுதப்படைத் தொண்டர் பிரிவு ஒன்று 2015 முதல் ஆட்களை எடுக்கிறது. ஐயா, மகனோடு அனுதாபப்படும் தகப்பனார் அதில் ஒரு விண்ணப்பம் போடலாமே? கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் அலுவலகத்தில் நிரந்தரவாசி ஒருவர் போட்டிருக்கிறார்.

மறுமொழி: செங்காங் தந்தை

மூவருக்கும் நன்றி. தேக்கா நண்பரே, கோபம் இல்லை. தொண்டர் பிரிவைப் பற்றி மனைவியிடம் சொன்னேன், இந்த மாதத்தில் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

நேற்று இரவு இந்த மறுமொழிகளை மகனிடமே படிக்கக் கொடுத்தேன். இதுவரை அவனிடம் நாங்கள் நேராகக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படித்துவிட்டு, வகுப்பில் தன்னோடு படிக்கும் எல்லாப் பையன்களும் போகும்போது தான் மட்டும் திருச்சியில் என்ன செய்வது என்று கேட்டான். குடியுரிமையைப் பற்றி முடிவெடுக்கத் தனக்கு 21 வயது வரை நேரம் வேண்டும், அதுவரை தன் பெயரில் எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்றான். ஒப்புக்கொண்டேன்.

உட்லண்ட்ஸ் ஐயா, அந்த உடற்தகுதித் தேர்வுக்கு எந்த வயதில் பயிற்சியைத் தொடங்கினால் சரியாக இருக்கும்? இவனுக்கு 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்குகிறது.